ஒரு சிம் கார்டும் 'தொடர்பு' என்ற சொல்லும்

ஒரு பையன் மேல் வழக்கு என்றால் சேரி முழுக்கப் போலீஸ் புகுந்து அண்ணன், மாமன், சித்தப்பா என எல்லோரையும் அள்ளிக்கொண்டு போவது நமக்குப் புதிதல்ல. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக எழுதிவைத்தது. இதே நியாயம் ஆஸ்திரேலியாவில் ஒரு விசாவின் மேல் பாய்ந்த கதையை நாம் படித்து வைத்திருக்க வேண்டும்.

முகமது ஹனீஃப், கர்நாடகத்து மருத்துவர். கோல்ட் கோஸ்ட் மருத்துவமனையில் வேலை. 2007 ஜூன் 30 அன்று கிளாஸ்கோ விமான நிலையத்தில் தாக்குதல் நடந்தது. அதில் சிக்கிய கஃபீல், சபீல் சகோதரர்கள் அவருக்குத் தூரத்து உறவு. முந்தைய ஆண்டு பிரிட்டனை விட்டுக் கிளம்பும்போது தன் சிம் கார்டை அவர் சபீலிடம் கொடுத்திருந்தார். ஜூலை 2 அன்று பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கைது. 12 நாள் குற்றச்சாட்டே இல்லாமல் காவல்.

எரிந்த ஜீப்பில் அந்த சிம் கிடைத்தது என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. உண்மையில் அது கிடைத்தது லிவர்பூலில், சபீலிடம்.

ஜூலை 16 அன்று மாஜிஸ்திரேட் ஜாக்கி பெய்ன் ஜாமீன் கொடுத்தார். அவர் ஒரு பூர்வகுடிப் பெண் என்பதையும் இங்கே சொல்லிவிடுவோம். சில மணி நேரத்தில் குடிவரவு அமைச்சர் கெவின் ஆண்ட்ரூஸ் விசாவை ரத்து செய்தார். குற்றவாளிகளோடு 'தொடர்பு' உள்ளவர், ஆகவே நன்னடத்தைச் சோதனையில் தேறவில்லை என்பது காரணம். விசா போனால் குடிவரவுத் தடுப்புக் காவல்தான். ஜாமீன் வெறும் காகிதம். நீதிமன்றம் திறந்த கதவை நிர்வாகம் பின்பக்கமாக வந்து சாத்துவது நம்மூரிலும் நடப்பதுதானே!

ஜூலை 27 அன்று வழக்கே கைவிடப்பட்டது. ஹனீஃப் ஊர் திரும்பினார். ஆனாலும் விசா வழக்கை விடவில்லை.

கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்பெண்டர், அமைச்சர் சொல்லும் பொருளில் பார்த்தால் தானே இந்தச் சோதனையில் தேறமாட்டேன் என்றார். வக்கீலாக இருந்தபோது அவர் குற்றவாளிகளோடு பழகியவர்தான்! ஆகஸ்ட் 21 தீர்ப்பு: வெறும் உறவும் நட்பும் 'தொடர்பு' ஆகாது. அமைச்சர் சட்டத்தைத் தவறாகப் படித்திருக்கிறார், ரத்து செல்லாது.

ஹனீஃப் நல்லவரா என்று நீதிபதி முடிவு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். நீதிமன்ற மறுஆய்வு பார்ப்பது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதை மட்டும். அதனால்தான் 2022 ஜனவரி 10 அன்று விசாவை மீட்ட டென்னிஸ் வீரர் ஜோகோவிச், அமைச்சர் வேறு காரணத்தோடு மறுபடி ரத்து செய்தபோது, 16 அன்று தோற்றார்.

ஹனீஃப் தீர்ப்பை எதிர்த்து அமைச்சர் செய்த மேல்முறையீட்டை 2007 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் தள்ளுபடி செய்தார்கள். 2010-இல் அரசு இழப்பீடு கொடுத்தது. எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை.