வந்த நாட்டின் வழக்குமொழி

என் தங்கையின் மகள் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறாள். மழலையர் பள்ளி முதல் ஆங்கில வழியில் பயின்றவள். வெளிநாட்டுச் செவிலியருக்கென நடத்தப்படும் ஆங்கிலத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியவள். அவளுக்கு மொழியால் ஓர் இடர் வரும் என்று நாங்கள் எவரும் எண்ணவில்லை.

சென்ற முதல் வாரத்திலேயே உடன் பணிபுரியும் பெண் அவளைப் பார்த்து, "யூ ஆல் ரைட்?" என்றாளாம். தன் முகத்தில் ஏதோ வாட்டம் தெரிகிறது போலும் என்று கருதிய இவள், தனக்கு நோய் ஒன்றும் இல்லை, இரவில் உறக்கம் வரவில்லை, அவ்வளவே என விளக்கத் தொடங்கினாள். கேட்டவளோ அதற்குள் நடந்து போய்விட்டாள். அது நலம் விசாரிப்பு அன்று; நம் 'வணக்கம்' போன்ற ஒரு முகமன். மாலையில் முதியவர் ஒருவர் 'டீ' எப்போது வரும் என்று கேட்க, இவள் ஒரு கோப்பைத் தேநீரைக் கொண்டு போய் நீட்டினாள். அவ்வட்டாரத்தில் 'டீ' என்பது மாலை உணவு. மறுநாள் ஒரு மூதாட்டி, தாம் ஒரு 'பென்னி' செலவழிக்க வேண்டும் என்றார். கடை கீழ்த்தளத்தில் இருக்கிறது என்று இவள் வழிகாட்டினாள். கழிப்பறைக்குச் செல்வதை அந்நாட்டு முதியோர் அப்படித்தான் நாகரிகமாகச் சொல்வர். பொதுக் கழிப்பறையின் கதவைத் திறக்க ஒரு பென்னி காசு போடவேண்டியிருந்த காலத்தின் எச்சம் அது.

"மாமா, நான் இத்தனை வருஷம் படிச்சது எந்த ஊரு இங்கிலீஷ்?" என்று தொலைபேசியில் கேட்டாள். குரலில் சிரிப்பு இருந்தது. சிரிப்புக்கு அடியில் அழுகையும் இருந்தது.

அதே வாரம் ஓசூரில் எங்கள் தெரு மளிகைக் கடையில் நின்றிருந்தேன். தொழிற்சாலையில் வேலை செய்ய ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் இளம்பெண் ஒருத்தி வந்தாள். கைப்பேசியைப் பார்த்துத் தமிழ் பழகியிருக்கிறாள் போலும். ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து, "ஐயா, எனக்கு ஒரு கிலோ அரிசியும் அரைக் கிலோ பருப்பும் தாருங்கள்" என்றாள். பிழையே இல்லாத தமிழ். கடையில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "மேடையில பேசுற மாதிரி பேசுது பாரு" என்றார் ஒருவர். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து, பிள்ளைகள் இப்படி எழுதாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைத்த நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு அவள் பேசவில்லை. மூட்டைகளை விரலால் சுட்டிக் காட்டி வாங்கிச் சென்றாள்.

வீடு திரும்பிய பின்னரே இரண்டு நிகழ்ச்சிகளும் என் மனத்தில் ஒன்றாய் வந்து நின்றன. அங்கே நூலாங்கிலம் கற்றவள் தெருவாங்கிலத்தின் முன் திகைத்தாள். இங்கே நூல்தமிழ் கற்றவள் தெருத்தமிழின் முன் கூனிப்போனாள். ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்றைப் புத்தகம் திறந்துவிடும். மற்றொன்றை உள்ளே இருக்கும் மனிதர்கள்தாம் திறக்க வேண்டும்.

இந்த உண்மையை நம் நாட்டில் தெளிவாக உணர்ந்தவர்களுள் ஒருவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680இல் பிறந்து, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்த பெஸ்கி பாதிரியார், 'தேம்பாவணி' பாடும் அளவுக்குச் செந்தமிழில் தேர்ந்தார். எனினும், புதிதாக வரும் குருக்களுக்குச் செந்தமிழ் இலக்கணம் மட்டும் போதாது என்று அவர் கண்டார். செந்தமிழுக்கு ஒன்று, மக்கள் வழக்காகிய கொடுந்தமிழுக்கு ஒன்று என இரண்டு இலக்கணங்களை இலத்தீன் மொழியில் தனித்தனியே எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அச்சிட்டவர்கள் அவருடன் சமயக் கருத்தில் மாறுபட்டு வாதிட்ட லுத்தரன் சபையார் என்பது எண்ணத்தக்கது. கொள்கையில் மோதிக்கொண்டவர்கள், ஊர்மக்களின் பேச்சைக் கற்பதில் ஒருவருக்கொருவர் கடன்பட்டனர். நாம் சிறுவயதில் கேட்டுச் சிரித்த பரமார்த்த குருவின் கதையும், பேச்சுத் தமிழ் பழகுவோருக்குப் பயிற்சியாக அமைந்த உரைநடையே.

நம் கிருஷ்ணகிரிப் பகுதிக்கு வருவோம். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. (ஓசூர் உள்ளிட்ட மேட்டுநிலம் 1799இல் திப்பு வீழ்ந்த பின்னரே சேர்ந்தது.) புதிதாய்ச் சேர்ந்த நாட்டை ஆளக் கம்பெனியின் குடிமைப் பணியாளர்களை அனுப்பாமல், அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியையும் அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோ முதலிய படைவீரர்களையும் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அமர்த்தினார். சென்னையிலிருந்த குடிமைப் பணியாளருள் நாட்டு மொழி அறிந்தோர் மிகச் சிலராய் இருந்ததே அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1780இல் சாதாரணப் படைப் பயிற்சியாளராகச் சென்னைக்கு வந்த மன்றோ பாரசீகமும் இந்துஸ்தானியும் முயன்று பயின்றவர். நிலத்தை அளந்து, உழவரோடு நேரடியாகத் தீர்வை பேசும் இரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருப்பெற்றது. நன்செய், புன்செய், ஏரிப்பாசனம் என்ற சொற்களின் பொருள் தெரியாமல் ஓர் அந்நியரால் அதைச் செய்திருக்க இயலாது. அவர்களும் முதலில் தவறாகத்தான் பேசியிருப்பார்கள். ஆனால், குதிரைமேல் வந்த துரையின் உச்சரிப்பைக் கேட்டு எந்த உழவனாவது வாய்விட்டுச் சிரித்திருப்பானா?

மறுபக்கத்தையும் காணவேண்டும். நம்மவர் கடல் கடந்தபோது அவர்களுக்கு எந்த மொழி கிடைத்தது? 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். அந்நாளில் கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டமும் அவர்கள் புறப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. கரும்புத் தோட்டத்தில் அவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க யார் இருந்தார்கள்? சூலு மொழியும் ஆங்கிலமும் கலந்த 'ஃபனகலோ' என்னும் கலப்புப் பேச்சே முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே வழங்கிற்று. ஏவுவதற்கும் கீழ்ப்படிவதற்கும் போதுமான மொழி அது; துயரத்தைச் சொல்வதற்கு எவ்வாறு போதும்? ஆங்கிலம் பின்னர்ப் பள்ளிகள் வழியாகப் பேரப்பிள்ளைகளுக்கு வந்தது. இன்று அவர்களின் வழித்தோன்றல்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு வீட்டுமொழியே ஆங்கிலம். தமிழ் பெரும்பாலும் பெயர்களிலும் வழிபாட்டுப் பாடல்களிலும் தங்கியிருக்கிறது.

நூல்வழிக் கல்வியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அன்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, ஓசூர்ப் பள்ளியிலும் பின்னர்ப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் பயின்று, மகாபாரதத்தை ஆங்கிலேயரும் விரும்பிப் படிக்கும் எளிய ஆங்கிலத்தில் எழுதும் வல்லமை பெற்றார். புத்தகம் ஒருவரை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றிவிடும். எனினும், அண்டை வீட்டாரோடு உப்புக்கும் புளிக்கும் பேசும் மொழியைத் தருவது அண்டை வீட்டாரே.

இதை நான் மறந்ததுதான் வியப்பு. ஏனெனில் நானும் இவ்வூருக்கு வந்தவன். 1970களில் இங்குச் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980ஆம் ஆண்டையொட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ். நிறுவனமும், அடுத்த சில ஆண்டுகளில் டைட்டனும் இங்கு உற்பத்தியைத் தொடங்கின. வேலை தேடித் தென் மாவட்டங்களிலிருந்து வந்து குவிந்த கூட்டத்தோடு, அவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல நானும் வந்தேன். எனக்கு வீடு கொடுத்த அம்மையார் தெலுங்கர். முதல் நாள் தண்ணீர் கேட்டு நின்ற என்னிடம் குடத்தைத் தொட்டு, "நீள்ளு" என்றார். நான் திருப்பிச் சொல்லும் வரை காத்திருந்தார். அடுத்த வீட்டுக் கன்னடப் பெண்மணி பாலை 'ஹாலு' என்றபோது, தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் என்று நூலில் படித்திருந்தது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. நான் எத்தனையோ முறை தவறாகச் சொன்னேன். அவர்கள் சிரித்ததும் உண்டு. ஆனால், சிரித்த கையோடு சரியான சொல்லைக் கொடுத்தார்கள். அச்சிரிப்பு என்னை உள்ளே அழைத்தது. கடையில் நாங்கள் சிரித்த சிரிப்போ அந்தப் பெண்ணை வெளியே தள்ளியது.

வலியவன் வந்து நம் மொழியைக் கொச்சையாகப் பேசினால், "நம் மொழியை மதிக்கிறாரே" என்று நெகிழ்கிறோம். எளியவன் வந்து திருத்தமாகப் பேசினாலும் நகைக்கிறோம். ஆங்கிலம் பேசத் தெரியாமல் நம் பிள்ளை அயல்நாட்டில் தலைகுனிந்தால் நெஞ்சு பதறுகிறது. நம் தெருவில் குனிந்த தலையும் யாரோ ஒரு தாயின் பிள்ளையுடையதன்றோ?

என் மருமகளுக்கு இப்போது ஓர் ஆசிரியை கிடைத்திருக்கிறார். பென்னி கேட்ட அதே மூதாட்டிதான். இவளுக்குப் பொருள் விளங்கவில்லை என்று அறிந்ததிலிருந்து, நாளுக்கு ஒரு வழக்குச்சொல்லைச் சொல்லிக் கொடுத்து, மறுநாள் ஒப்பிக்கச் சொல்கிறாராம்.

சென்ற ஞாயிறன்று அந்த ஜார்க்கண்டுப் பெண்ணை மீண்டும் கடையில் கண்டேன். அவள் விரலை நீட்டும் முன் அருகே சென்று, "நீ அன்னைக்குப் பேசினது நல்ல தமிழ்ம்மா. சிரிச்சது எங்க தப்பு" என்றேன். முழுவதும் விளங்கியதோ இல்லையோ, நிமிர்ந்து பார்த்தாள். அரிசியைக் காட்டி, "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன். "சாவல்" என்றாள். நான் திருப்பிச் சொன்னேன், சரியாக வரவில்லை. அவள் சிரித்தாள். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "அண்ணா, ஒரு கிலோ அரிசி குடுங்க" என்றாள்.