இதயச் செயலிழப்பு: மாத்திரை மட்டும் போதுமா?

இதயம் நின்றுபோவதே இதயச் செயலிழப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், உடலுக்குத் தேவையான இரத்தத்தை இதயத்தால் இறைக்க முடியாத நிலையே அது.

1991-இல், கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் முக்கியப் பங்காற்றிய ஆய்வு, எனலாப்ரில் மாத்திரை இந்நோயாளிகளின் இறப்பைக் குறைப்பதைக் காட்டியது. ஆனால் அது எல்லோரையும் சென்றடைந்ததா?

2013-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் சேர்ந்த 1205 இதயச் செயலிழப்பு நோயாளிகளின் விவரங்கள் பதிவு செய்யப்பட்டன. ஓராண்டுக்குள் பத்தில் மூவர் இறந்திருந்தனர். இதயத் தசை வலுவிழந்தவர்களில் கால் பங்கினர் மட்டுமே, பரிந்துரைக்கப்படும் மருந்துகளுடன் வீடு திரும்பியிருந்தனர். மற்றவர்களிடையே இறப்பு அதிகம்!

ஆகவே வீடு திரும்புவது குணமல்ல. மருந்தை விடாமல் உட்கொண்டு, தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். எடை திடீரென ஏறினால், கால் வீங்கினால், உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.