தேனிலவுக்கு மாலைதீவு: ரிசோட்டா, ஊர்த் தீவா? இந்தக் கேள்விக்குப் பின்னால் உள்ள வரலாறு



கலியாண காலம் தொடங்கிவிட்டது. வலீமா முடிந்த கையோடு மாலைதீவுக்குப் போகும் இளம் தம்பதிகள் நம் ஊர்களில் பெருகிவிட்டார்கள். போவதற்கு முன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ரிசோட்டில் தங்குவதா, மக்கள் வாழும் ஊர்த் தீவில் தங்குவதா?"

விலையைப் பற்றிச் சொல்ல முகவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இப்படி ஒரு தெரிவு எப்படி வந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. பதினாறு, பதினேழு வருடங்களுக்கு முன் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. மாலைதீவுக்குச் சுற்றுலா போனால் ரிசோட், இல்லையென்றால் தலைநகர் மாலே, அவ்வளவுதான். சாதாரண ஒரு ஊரில், அந்த ஊர்க்காரர் நடத்தும் விடுதியில் தங்க அனுமதி இல்லை. ஏன் அப்படி இருந்தது, பிறகு ஏன் மாறியது என்று தெரிந்தால் எங்கே தங்குவது என்பதை நாமே தீர்மானித்துக்கொள்ளலாம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நம் வீட்டு வரலாறு. கிழக்கு மாகாணத்தில் நம் மூத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இருக்கவேயில்லை. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். அந்த வீடும் பெரும்பாலும் பெண்ணுக்கென்று கட்டிய வீடுதான். அடுத்தடுத்த நாட்கள் விருந்திலேயே கழியும். இன்று மாமி வீடு, நாளை சாச்சி வீடு. மிஞ்சிப்போனால் கண்டி, நுவரெலியா என்று ஒரு பயணம். தேனிலவு என்ற சொல்லை நாம் படித்ததும் கேட்டதும் பெரும்பாலும் கதைகளிலும் சினிமாவிலும்தான்.

இனி மாலைதீவுக்கு வருவோம். அங்கே வெளியூர்க்காரர் ஒருவர் எங்கே தங்கினார் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய, விரிவான பதிவு இப்னு பதூதாவுடையது. 1343இல் அவர் போய் இறங்கிய தீவைத் தன் பயண நூலில் கன்னலூஸ் என்று குறிப்பிடுகிறார். இன்றைய ரா அத்தோலில் உள்ள கினொல்ஹாஸ் தீவுதான் அது என்பது ஆய்வாளர்களின் கருத்து. பள்ளிவாசல்கள் பல இருந்த அந்த அழகிய தீவில், மார்க்கப் பற்றுள்ள ஒருவரின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியதாக எழுதுகிறார். மாலைதீவு இஸ்லாத்தைத் தழுவியது 1153இல். பதூதா போனபோது இரண்டு நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. பிறகு மாலேக்குப் போய் அங்கே காழியாகவும் ஆனார்.

கலியாண விடயத்திலும் அவர் ஒரு சுவையான செய்தி சொல்கிறார். அங்கே மஹர் குறைவு, கலியாணம் செய்வது இலகு. வந்திறங்கும் கப்பல்காரர்கள் மணமுடிப்பார்கள், புறப்படும்போது மணவிலக்குச் செய்துவிட்டுப் போவார்கள், ஏனென்றால் அந்நாட்டுப் பெண்கள் ஊரைவிட்டு வெளியே போவதில்லை. அவரும் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட கலியாணங்கள் செய்தார். 1344இல் அங்கிருந்து நம் நாட்டுக்கு வந்து, இன்றைய புத்தளம் என்று கருதப்படும் பட்டாளவில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவா ஆதம் மலைக்கு ஏறியதை நம் மாணவர்கள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறார்கள்.

ஆக, அந்தக் காலத்தில் மாலைதீவுக்குப் போனவர் தங்கியது ஊர்க்காரர் வீட்டில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நமக்கும் அவர்களுக்கும் இருந்த பெரிய தொடர்பு மாசிதான். சம்பலில் இடிக்கும் அந்த மாசிக் கருவாடு அங்கிருந்து பாய்மரக் கப்பல்களில் கொழும்புக்கும் காலிக்கும் வந்தது. திரும்பும்போது அரிசி, துணி, மசாலா என்று ஏற்றிப்போனார்கள். 1887இல் செய்த உடன்படிக்கைக்குப் பிறகு பிரித்தானியர் மாலைதீவுடன் வைத்திருந்த உறவு இலங்கை ஆளுநர் வழியாகத்தான் நடந்தது. சுல்தானின் தூதர்கள் கொழும்புக்குத்தான் வந்தார்கள். 1965 ஜூலை 26இல் அவர்களின் சுதந்திர உடன்படிக்கை கையெழுத்தானதும் கொழும்பில்தான்.

சுற்றுலாவும் கொழும்பிலிருந்துதான் தொடங்கியது. 1960களில் ஐக்கிய நாடுகள் சபையின் குழுவொன்று போய்ப் பார்த்துவிட்டு, இந்தத் தீவுகள் சுற்றுலாவுக்குப் பொருத்தமில்லை என்று சொல்லிவிட்டது. மின்சாரம், நல்ல தண்ணீர், போக்குவரத்து எதுவும் ஒழுங்காக இல்லாத காலம் அது. 1970களின் தொடக்கத்தில், யாரும் கால் வைக்காத கடற்கரை தேடி ஜோர்ஜ் கோர்பின் என்ற இத்தாலியப் பயண முகவர் கொழும்பில் இருந்தார். இங்கே மாலைதீவுத் தூதரகத்தில் பணியாற்றிய அஹமத் நஸீம் என்ற இளைஞரைச் சந்தித்தார். அவரோடு சரக்குக் கப்பலில் போய்ப் பார்த்தார். 1972 பெப்ரவரியில் ஒரு சிறு இத்தாலியக் குழுவை அழைத்துப்போனார். ஹோட்டல் இல்லாததால் அவர்களும் மாலேயில் வீடுகளில்தான் தங்கினார்கள். முதல் சுற்றுலாப் பயணிகளும் பதூதாவைப் போலவே வீட்டு விருந்தாளிகள்!

அதே வருடம் ஒக்டோபர் 3ஆம் திகதி, மாலேக்கு அருகே ஆளில்லாத விஹமனாஃபுஷி என்ற தீவில் முதல் ரிசோட் திறக்கப்பட்டது. பெயர் குரும்பா. திவெஹி மொழியில் குரும்பா என்றால் இளநீர்த் தேங்காய். நம் குரும்பை, சிங்களத்தின் குரும்பா, எல்லாம் ஒரே சொல்லின் உறவுகள். பவளக்கல் சுவர், ஓலைக் கூரை, வெறும் 30 அறைகள். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் முஹம்மத் உமர் மணிக்கு. இதே காலத்தில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து மாசி இறக்குமதி சுருங்கியது. அவர்களின் பழைய பிழைப்பு ஆட்டம் காண, புதிய பிழைப்பு கைகொடுத்தது.

இங்கிருந்துதான் நம் கேள்வியின் வேர் தொடங்குகிறது. ரிசோட் கட்டியது ஆளில்லாத தீவில். அதுவே பிறகு அரசாங்கத்தின் கொள்கையாகிவிட்டது: ஒரு தீவு, ஒரு ரிசோட். அரசாங்கம் ஆளில்லாத தீவைக் குத்தகைக்குக் கொடுக்கும். எடுத்தவரே மின்சாரம், தண்ணீர், கழிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தென்னை மரத்தை மிஞ்சிய உயரத்தில் கட்டிடம் கூடாது. தீவின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டிடம் நிற்கக் கூடாது என்பது ஆரம்ப விதி. மதுவும் நீச்சலுடையும் ரிசோட் எல்லைக்குள் மட்டும். 1980களில், மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டவர் தங்குவது தடுக்கப்பட்டது. அதற்கு முன் அங்கங்கே முளைத்திருந்த சிறு விடுதிகள் மூடப்பட்டன.

இதன் நோக்கத்தை நாம் குறை சொல்ல முடியாது. முழுவதும் முஸ்லிம்கள் வாழும் ஒரு சின்ன நாடு. ஒரு தீவில் ஆயிரம் பேர்கூட இருக்கமாட்டார்கள். ஐரோப்பியரின் விடுமுறைப் பழக்கங்கள் அந்த ஊருக்குள் வந்தால் பிள்ளைகளின் கதி என்ன என்று அவர்கள் கவலைப்பட்டார்கள். நம் கரையோர ஊர்களிலும் இதே கவலை இன்றும் இருக்கிறது.

ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு ஊர்க்காரர்களும் ஒரு விலை கொடுத்தார்கள். சுமார் 1,200 தீவுகளில் மக்கள் வாழ்வது 200க்கும் குறைவானவற்றில்தான். எதிரே ரிசோட்டின் விளக்கு தெரியும், ஆனால் அதன் வருமானம் ஊருக்குள் நேரடியாக வராது. தீவைக் குத்தகைக்கு எடுக்கப் பெரும் பணம் வேண்டும். அது ஒரு சில முதலாளிகளுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும்தான் முடிந்தது. சாதாரண மீனவரின் மகன் ரிசோட்டில் வேலைக்குப் போகலாம். ஆனால் மனைவி, பிள்ளைகளை விட்டு மாதக்கணக்கில் ஊழியர் விடுதியில் இருக்க வேண்டும். பெண்களை அப்படி வேறு தீவுக்கு அனுப்பப் பெரும்பாலான குடும்பங்கள் விரும்பவில்லை. விருந்தோம்பலுக்குப் பெயர் போன மக்கள், தங்கள் சொந்த ஊரில் ஒரு விருந்தாளியை வைத்துக் காசு சம்பாதிக்க முடியாமல் கால் நூற்றாண்டு இருந்தார்கள்.

2008இல் ஆட்சி மாறியது. முப்பது வருடங்கள் ஆண்ட மஃமூன் அப்துல் கையூம் தோற்று முஹம்மத் நஷீத் ஜனாதிபதியானார். அவரது காலத்தில் மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் நடத்த மீண்டும் அனுமதி கிடைத்தது. மாலேயிலிருந்து தெற்கே சுமார் 27 கிலோமீற்றரில் உள்ள மாஃபுஷியில் 2010 அளவில் தொடங்கிய சிறு விடுதிகள் சில வருடங்களில் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. அதுவரை மாஃபுஷி என்றால் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது சிறைச்சாலைதான்! பிறகு துலுஸ்தூ, உகுல்ஹாஸ், திகுரா, தர்ப்பூசணித் தோட்டங்களுக்குப் பெயர் போன தொட்டூ என்று பல ஊர்கள் இதில் இறங்கின. குடும்பமாகச் சேர்ந்து விடுதி நடத்துகிறார்கள். பெண்களுக்கும் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்தது.

ஊர்த் தீவுகளில் மது விற்பனை இல்லை. வெளிநாட்டவர் நீச்சலுடையில் குளிக்க ஒரு பகுதியை மறைத்து ஒதுக்கியிருக்கிறார்கள், அதற்குப் பெயரே "பிகினி பீச்". மற்றக் கடற்கரையில் உடம்பை மறைத்த உடைதான். அதாவது 1980களில் கடலை வேலியாக வைத்துப் பிரித்ததை, இப்போது ஊருக்குள் ஒரு மறைப்பை வைத்துப் பிரிக்கிறார்கள். இதில் அங்கே எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல முடியாது. மூத்தவர்கள் சிலருக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு.

சரி, நம் பிள்ளைகள் எங்கே தங்குவது?

ரிசோட்டின் நல்லதை மறைக்கத் தேவையில்லை. தனிமை கிடைக்கும். தண்ணீர் மேல் கட்டிய வில்லாவிலிருந்து படியிறங்கிக் கடலில் குளிக்கலாம், புது மணப்பெண்ணை யாரும் பார்க்கமாட்டார்கள். (அந்தக் கடல் வீடுகளும் மாலைதீவின் கண்டுபிடிப்பல்ல, 1967இல் பிரெஞ்சுப் பொலினீசியாவில் தொடங்கியவை.) ஆனால் அந்தத் தீவு வேறு மக்களின் தேவைக்காக, ஊரைவிட்டு விலக்கி வைக்கப்பட்ட இடம் என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். உணவு மண்டபத்தில் பக்கத்து மேசையில் மது இருக்கும்.

ஊர்த் தீவில் ஐந்து நேரமும் பாங்கு கேட்கும். காலையில் மாசும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பிசைந்த மஸ் ஹுனியை ரொஷியோடு தருவார்கள், நம் வீட்டுச் சம்பலும் ரொட்டியும் போலவே இருக்கும். நம் பெண்கள் முழு உடையோடு கடலில் இறங்கினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அங்குள்ள பெண்களும் அப்படித்தான் குளிக்கிறார்கள். தனிமை மட்டும் குறைவு. இரண்டு மூன்று நாள் ஊர்த் தீவில் இருந்துவிட்டு, ஒரு பகல் மட்டும் கட்டணம் கட்டி ரிசோட்டுக்குப் போய்வரும் வழியும் இருக்கிறது.

கணக்கையும் ஒருமுறை பாருங்கள். விளம்பரத்தில் 100 டொலர் என்று போட்டிருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 17 சதவீத வரியும் சேர்ந்து 128 டொலர் அளவில் வரும். அதற்கு மேல் பசுமை வரி. 2025 ஜனவரியிலிருந்து ரிசோட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டொலர், 50 அறைக்குக் குறைந்த கெஸ்ட் ஹவுஸில் 6 டொலர். போக்குவரத்து தனி. சீ பிளேன் பகலில் மட்டும்தான் பறக்கும். கொழும்பிலிருந்து பின்னேர விமானத்தில் போனால் அன்றிரவு மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ தங்கவேண்டி வரும், அதுவும் செலவு. அரசாங்கப் படகு மலிவு, ஆனால் வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் ஓடாது. ஸ்பீட் போட் நேரத்தை விடுதிக்காரரிடமே கேட்டுவிட்டு விமானச் சீட்டு வாங்குங்கள்.

நான்கு நாள் ரிசோட்டுக்காக நகையை அடகு வைப்பதையும் கடன் வாங்குவதையும் நாம் பார்க்கிறோம். ஊர் பார்க்கப் படம் போட வேண்டும் என்ற அழுத்தம்தான் அதற்குக் காரணம். தண்ணீர் மேல் வீட்டில் எடுத்த படத்துக்கு ஒரு வாரம் விருப்பக்குறி விழும். அடகுச் சீட்டு ஒரு வருடம் அலுமாரியில் இருக்கும். வாப்பாமாரே, உம்மாமாரே, பிள்ளைகளை இதற்குத் தூண்டாதீர்கள்.

இன்னொன்று. இந்த வரலாறு நம் கரைக்கும் பொருந்தும். அறுகம்பேயில் 1970களிலிருந்து அலைச்சறுக்கு விளையாட வந்தவர்களுக்கு நம்மவர்களும் அயலவர்களும் சிறு விடுதிகளை நடத்தி வளர்ந்தார்கள். பாசிக்குடாவில் யுத்தத்துக்குப் பிறகு பெரிய ஹோட்டல்கள் வரிசையாக வந்தன. இரண்டு இடத்திலும் பணம் எங்கே போகிறது, ஊர்க்காரர் விருந்தோம்புகிறாரா அல்லது வேலைக்கு மட்டும் போகிறாரா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரின் ஒழுக்கத்தையும் காத்து, ஊரின் பிழைப்பையும் காப்பது எப்படி என்ற கேள்வியோடு மாலைதீவு ஐம்பது வருடங்களாகப் போராடுகிறது. நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

எங்களிடம் கேட்டால், வசதியுள்ளவர் எங்கும் தங்கட்டும், அது அவரவர் உரிமை. வசதி குறைந்தவர் ஊர்த் தீவைத் தெரிவுசெய்வதில் வெட்கப்பட எதுவுமில்லை. இப்னு பதூதாவும் அப்படித்தான் தங்கினார்.

புது மணமக்கள் எல்லோருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. போய்வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள், அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.