மஞ்சள் கட்டும் தங்க மூக்கும்

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும் ஞாபகத்துக்கு வரும். கொஞ்சம் சரித்திரம் பிடித்தவர்களுக்கு மலைக்கோட்டை. அந்தக் கோட்டைக்கு 1755-ல் ஒரு பௌஜ்தார் வந்து சேர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், கணக்கில் புலி. பெயர், ஹைதர் அலி.

பழனி, விருப்பாட்சி பாளையக்காரர்களோடு மோதல். காயம்பட்ட சிப்பாய்க்குக் குணமாகும் வரை மாதம் 14 ரூபாய் படி தருவது மைசூர் வழக்கம். பட்டியல் போனது. சரிபார்க்க ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆள் வந்தது. இன்றைய பாஷையில் ஆடிட்டிங்!

நிஜமாக அடிபட்டவர்கள் 67 பேர். ஹைதர் காட்டியது 700 பேரை. நன்றாக நடமாடிக் கொண்டிருந்தவன் கையிலும் காலிலும் மஞ்சள் தோய்த்த துணியைக் கட்டி வரிசையாக உட்கார வைத்துவிட்டார். வந்தவர் தலையை எண்ணினார், பணத்தைக் கொடுத்தார், போய்விட்டார். மைசூர் சரித்திரம் எழுதிய வில்க்ஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

கில்லாடித்தனம்தான். ஆனால், நான் சொல்ல வந்தது அந்தத் துணியின் நிறத்தைப் பற்றி. மஞ்சள் கட்டு என்றால் காயம் என்று பார்த்தவுடன் தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஏமாற்ற முடிந்தது. அது யார் வைத்தியம், எந்த மதத்து மருந்து என்றெல்லாம் அந்தப் படையில் பேச்சு எழுந்ததாகத் தெரியவில்லை.

27 வருடம் கழித்து, 1782 டிசம்பர் 7. சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு பாசறையில் அதே ஹைதர் செத்துப் போனார். முதுகில் ராஜபிளவை. கடைசி நாட்களில் அவருக்கு வைத்தியம் பார்த்தவர்கள் இந்து வைத்தியர்கள், முஸ்லிம் ஹகீம்கள், பிரெஞ்சு டாக்டர்கள். மூன்று தரப்பும் சேர்ந்து பார்த்தும் பிழைக்க வைக்க முடியவில்லை. அது வேறு விஷயம்.

இந்தக் கதை எனக்கு ஞாபகம் வந்தது ஒரு கேப்ஸ்யூலால்.

ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான பள்ளிவாசல் இருப்பதால் அந்தப் பகுதிக்குப் பேகம்பூர் என்று பெயர். அங்கே என் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அத்தாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. உடம்புக்கு முடியாமல் மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் தலையணை உறையைத் துவைக்க எடுத்தால், உள்ளே பதினோரு கேப்ஸ்யூல்!

“என்னத்தா இது?”

“மேல இருக்கிற கூடு எதுல செஞ்சதுன்னு தெரியலப்பா. பன்னியில செய்யறாங்களாமே... உங்கிட்ட சொன்னா திட்டுவே.”

பெரியவரின் பயம் வெறும் வதந்தியில் பிறந்தது அல்ல. கேப்ஸ்யூல் கூட்டைப் பெரும்பாலும் ஜெலட்டினில்தான் செய்கிறார்கள். மாட்டின் எலும்பு, தோலிலிருந்தும் எடுப்பார்கள், பன்றித் தோலிலிருந்தும் எடுப்பார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

சரி, மார்க்கம் என்ன சொல்கிறது?

வைத்தியம் செய்துகொள்ளச் சொல்கிறது. மருந்தில்லாத நோயை இறைவன் இறக்கவில்லை என்பது நபிமொழித் தொகுப்புகளில் உள்ள செய்தி. முதுமையை மட்டும் விதிவிலக்காகச் சொல்லும் அறிவிப்பும் உண்டு. கொள்ளைநோய் பரவிய ஊருக்குப் போகாதே, அங்கே இருந்தால் வெளியேறாதே என்பதும் நபிமொழிதான். கலீஃபா உமர் இப்படித்தான் சிரியாவுக்குள் நுழையாமல் பாதி வழியில் திரும்பினார். விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்டவருக்கு, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குப் போகிறோம் என்ற பொருளில் பதில் சொன்னார்.

அடுத்தது, விலக்கப்பட்ட பொருள். ஆண்கள் பட்டு உடுத்தக் கூடாது. ஆனால், தோல் அரிப்பால் அவதிப்பட்ட இரண்டு தோழர்களுக்கு நபிகள் பட்டை அனுமதித்தார். ஆண்கள் தங்கம் அணியக் கூடாது. ஆனால், போரில் மூக்கு அறுபட்ட அர்ஃபஜா என்பவர் வெள்ளி மூக்கு வைத்துக்கொண்டார். அது நாற்றமடித்தது. தங்கத்தில் செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார் நபிகள்!

மறுபக்கமும் உண்டு. விலக்கப்பட்டதை மருந்தாக்காதீர்கள் என்ற நபிமொழியும் இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அறிஞர்கள் நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டினார்கள். பொதுவாக எட்டிய முடிவு இது: வேறு மருந்து இருந்தால் அதை எடு. இல்லை, உயிருக்கு ஆபத்து என்றால் தேவையான அளவுக்கு அனுமதி. நிர்ப்பந்தத்தில் இருப்பவன் மீது குற்றமில்லை என்ற குர்ஆனின் அடிப்படைதான் இதற்கு ஆதாரம்.

புதுப்புது மருத்துவம் வர வர, புதுக் கேள்விகளும் வந்தன. 1988-ல் ஜெட்டாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றத்தை அனுமதித்தது. 1995-ல் குவைத்தில் மருத்துவர்களும் மார்க்க அறிஞர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு பொருள் வேதிமாற்றத்தால் முற்றிலும் வேறொன்றாகிவிட்டால் பழைய தடை பொருந்தாது, ஜெலட்டினும் அப்படித்தான் என்றார்கள். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. 1997-ல் ஜெட்டா அகாடமி மறுபடி கூடி, கண் சொட்டு மருந்தாலும் சத்துக்காகப் போடாத ஊசியாலும் நோன்பு முறியாது என்றது.

வைத்தியர் மாற்று மதத்தவராக இருந்தால்? நபிகள் மதீனாவுக்குத் தப்பிச் சென்றபோது பாலைவனத்தில் வழிகாட்டியவர் முஸ்லிம் அல்ல. உயிரையே நம்பி ஒப்படைத்த அந்தப் பயணத்தை ஆதாரமாகக் காட்டி, நம்பிக்கையான மாற்று மத மருத்துவரிடம் போகலாம் என்று எழுதினார் 14-ம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் கய்யிம்.

பேகம்பூருக்கு வருவோம். நண்பர் அத்தாவைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அழைத்துப் போனார். ஹஜ்ரத் சட்டம் எதையும் விளக்கவில்லை. “டாக்டர்கிட்ட கேட்டீங்களா பாய், வேற மாதிரி கிடைக்குமான்னு?” என்றார், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போனார்கள். அவர் சீட்டை வாங்கி அடித்துவிட்டு, அதே மருந்தை மாத்திரையாக எழுதினார்.

“முதல்லயே சொல்லியிருந்தா அன்னிக்கே எழுதியிருப்பேனே பெரியவரே!”

பதினோரு வேளை மருந்து வீணாகிவிட்டது. கேட்கத் தயங்கியதால்தான். பெரியவர் இப்போது வேளை தவறாமல் மாத்திரை போடுகிறார். ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லிவிட்டு.