படம்பிடித்தலும் பழம்பொருள் பேணலும்

காடு மண்டிக் கிடந்த பொலனறுவைச் சிதைவுகளை 1870ஆம் ஆண்டளவில் யோசேப்பு லோட்டன் என்னும் ஆங்கிலேயர் அரசாங்கத்தின் பொருட்டுப் படம்பிடித்தார். அக்காலத் தோற்றத்துக்கு அப்படங்களே இன்று நமக்குச் சான்று. ஆகவே, படக்கருவி பழம்பொருளுக்குப் பகையன்று.

ஆயின், சீகிரியாக் குன்றின் 5ஆம் நூற்றாண்டு ஓவியங்களைப் படம்பிடித்தல் இன்று விலக்கப்பட்டுள்ளது. மின்னொளி பலகாற் பட்டு வர்ணம் மங்கலாகாது என்பதே கருத்து. 1967இல் சிலர் அவற்றின்மேற் சாயம் பூசினர். இத்தாலிய நிபுணரின் உதவியோடு அரிதின் முயன்றே அவை செப்பஞ் செய்யப்பட்டன. ஒரு நாளிற் கெடுத்ததைச் சீராக்க நெடுநாள் வேண்டும்.

பொலனறுவையிலே சோழர் எடுத்த வானவன்மாதேவீச்சரம் என்னும் கற்றளியைக் காணச் செல்லும் நம் இளைஞர், படத்துக்காகச் சுவரிலும் தூணிலும் ஏறாதொழிக. அனுமதித்த இடத்திற் படம்பிடிப்போம். விலக்கிய இடத்திற் கண்ணாரக் கண்டு நெஞ்சிற் பதித்து மீள்வோம். நமக்குப் பின் வருவோரும் காணவேண்டுமன்றோ?