பிணத்தை அறுத்துப் பார்த்த சாமியார்

யோகான்னு பேச்சு எடுத்தாலே, "நம்ம முனிவர்கள் அந்தக் காலத்திலேயே உடம்பை எக்ஸ்ரே மாதிரி பார்த்துட்டாங்க" என்று சொல்ல ஒரு கோஷ்டி தயாராக இருக்கும். அவர்களுக்காகவே ஒரு சம்பவம் இருக்கிறது. கட்டுக்கதை இல்லீங்க, சம்பந்தப்பட்டவரே எழுதி வைத்தது.

1875ல் ஆரிய சமாஜத்தை ஆரம்பித்த தயானந்த சரஸ்வதி, அதற்குச் சுமார் இருபது வருஷம் முன்னால் கங்கைக் கரையில் சுற்றிக்கொண்டிருந்த இளம் சந்நியாசி. கையில் ஹடயோகப் புத்தகங்கள், அவற்றில் பக்கம் பக்கமாக நாடி, சக்கர வர்ணனை. மனுஷனுக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஒருநாள் ஆற்றில் பிணம் ஒன்று மிதந்து வருகிறது. குதித்து இழுத்துவந்து கரையில் போட்டு, கத்தியால் அறுத்து, இதயத்தை வெளியே எடுத்து, தலை, கழுத்துப் பக்கமும் கொஞ்சம் வெட்டிப் பார்த்து, புத்தகத்தோடு ஒப்பிட்டிருக்கிறார். ஒத்துப்போகவில்லை. புத்தகங்களைக் கிழித்து, பிணத்தோடு சேர்த்து ஆற்றிலேயே விட்டுவிட்டார். 1879-80ல் தியாசஃபிஸ்ட் பத்திரிகையில் வந்த அவருடைய சுயசரிதைக் கட்டுரைகளில் இது இருக்கிறது.

என்னைக் கேட்டால் அவர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். சக்கரம் என்பது தியானத்துக்கான வரைபடம். கத்தியில் அது எப்படி மாட்டும்? ஆனா, அறுத்தாவது பார்த்துடணும்னு தோணுச்சு பாருங்க, அதுக்கு ஒரு சலாம்.

அடுத்து வந்தவர்கள் பிணத்தை விட்டு உயிருள்ள உடம்புக்கு வந்தார்கள். சுவாமி குவலயானந்தா 1924ல் லோனாவ்லாவில் கைவல்யதாமாவைத் தொடங்கி, அதே வருஷம் யோக மீமாம்சா என்ற பத்திரிகையும் போட்டார். நௌலி செய்யும்போது எக்ஸ்ரே எடுப்பது, குடலுக்குள் அழுத்தத்தை அளப்பது என்று ஒரே ஆராய்ச்சி. குடலுக்குள் அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைகிறது, அதனால்தான் தண்ணீர் தானாக உள்ளே ஏறுகிறது என்று கண்டுபிடித்து, அதற்குத் தன் குரு மாதவதாஸ் பெயரையே வைத்தார். 1927ல் பம்பாய் டாக்டர் வசந்த் ரேலே, குண்டலினி என்பது வேகஸ் நரம்புதான் என்று ஒரு புத்தகமே எழுதினார். இது எனக்கு ரொம்ப ஓவராகத்தான் படுகிறது :-)

இதில் வேடிக்கை என்னன்னா, அப்போது இவர்கள் தேடியதெல்லாம் பெரும்பாலும் யோகாவால் என்ன நன்மை என்பதைத்தான். எங்கே அடிபடும் என்ற கேள்வி மருத்துவப் பத்திரிகைகளில் வர 1970கள் ஆயிற்று. 1971ல் அமெரிக்க மருத்துவர் ஒருவர், வஜ்ராசனத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்த ஒரு மாணவருக்குப் பாதம் தூக்க முடியாமல் தொங்கிப்போனதை எழுதினார். முழங்காலுக்குக் கீழே போகிற நரம்பு நசுங்கியதுதான் காரணம். அப்படி உட்காருவதை விட்டதும் சரியாகிவிட்டது. அடுத்த வருஷமே ஆக்ஸ்ஃபோர்டு நரம்பியல் மருத்துவர் ரிச்சி ரஸ்ஸல் கழுத்தைப் பற்றி எச்சரித்தார். மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள், கழுத்தெலும்புகளில் உள்ள துளைகள் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. கழுத்தை ரொம்ப வளைத்தாலோ திருகினாலோ அங்கே ரத்த ஓட்டம் தடைபட்டு, பக்கவாதம் வரைக்கும் போகலாம்.

எங்க பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். வயசு அறுபத்தெட்டு, கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, ஆனாலும் தினமும் சர்வாங்காசனம். "அய்யங்கார் புத்தகத்துல போட்டிருக்குடா" என்றார். பி.கே.எஸ். அய்யங்காரின் 1966 புத்தகத்தில் அது இருப்பது உண்மைதான். ஆனா அதே அய்யங்கார் பிற்பாடு, மடித்த போர்வைகளை அடுக்கித் தோளை அதன்மேலும் தலையைக் கீழே தரையிலும் வைக்கச் சொல்லிக்கொடுத்தார். அப்போது கழுத்து அவ்வளவு மடங்க வேண்டியதில்லை. தன் படத்தைத் தானே திருத்திக்கொண்ட குரு! பெரியப்பா ரெண்டு நாள் பேசவில்லை. மூணாம் நாள் பெரியம்மாவிடம் பழைய ஜமுக்காளம் எங்கேன்னு கேட்டாராம். தேய்ந்த கழுத்துக்கு ஜமுக்காளமும் போதாது, முதல்ல எலும்பு டாக்டரைப் பாருங்கன்னு சொல்லியிருக்கேன். அடுத்தது பத்மாசனம். முழங்கால் கிட்டத்தட்ட கதவுக் கீல் மாதிரி, திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டுதான்னு அவரிடம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.