ரொட்டியும் தீட்டும்

எங்கள் ஊரில் ரொட்டி மருந்துக் கணக்கில்தான் சேர்த்தி. எழுபதுகளில் திருவந்திபுரத்தில் காய்ச்சல் கண்ட வீட்டுக்குத்தான் அது வரும். அப்பா திருப்பாதிரிப்புலியூர் போய் பாய் கடையில் வாங்கி வருவார். நீளமாக, மேல்தோல் கறுத்து, உள்ளே லேசான புளிப்போடு இருக்கும். கூடவே நாலு பொறை. பாட்டி சமையலறைக்குள் விடமாட்டாள். "திண்ணையிலயே தின்னுட்டு வாயக் கொப்புளிச்சுட்டு உள்ள வா" என்பாள். அந்த ரொட்டியைச் சில வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ருசிக்காகத்தான் புறப்பட்டேன். போன இடமெல்லாம் சாதி எதிரில் வந்து நின்றது.

புளிப்பிலிருந்து தொடங்கலாம். ஈஸ்ட் கிடைக்காத கோவாவில் போர்த்துக்கீசியர் கள் ஊற்றி மாவைப் பிசைந்தார்கள். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயரின் ரொட்டிக்கும் நெடுங்காலம் கள்தான் புளிப்பு. கள், அந்நியர் கை, அவர்கள் தொட்ட தண்ணீர். சாதி இந்து ஒதுக்குவதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்? பம்பாய்க்கு வடக்கே வசாய்ப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள்: ஊர்க்கிணற்றில் ரொட்டித் துண்டை எறிந்தார்களாம், தண்ணீர் குடித்த ஊரே சாதி கெட்டுக் கிறித்துவமானதாம். கதை நிஜமோ பொய்யோ, அதைச் சொல்பவர்களின் பயம் நிஜம். எங்கள் தேவநாதசாமி கோயிலில் சேஷ தீர்த்தக் கிணறு இருக்கிறது. பக்தர்கள் உப்பும் மிளகும் வெல்லமும் போடுகிறார்கள். தீர்த்தம் தீர்த்தமாகவே இருக்கிறது. போடுகிற கை யாருடையது என்பதுதான் விஷயம்.

இந்தக் கரைக்கு ரொட்டி புதுசும் இல்லை. பரங்கிப்பேட்டை பெயரிலேயே பறங்கியர் இருக்கிறார்கள். 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை இருந்த ஊர்களும் சேர்ந்து கைமாறின. கடலூரில் குண்டு சாலை என்ற பெயர் அதன் மிச்சம். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் போனதும் சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடமே சில வருஷம் இந்தக் கோட்டைதான். வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் பாண்டிச்சேரி. வெள்ளைச் சிப்பாய் இருக்கும் இடத்தில் அவனுக்கு ரொட்டி சுடுபவனும் இருந்தாக வேண்டும். ஆனாலும் போர்த்துக்கீசியச் சொற்கள் இலங்கைத் தமிழில்தான் பாண் என்றும் போறணை என்றும் தங்கின. அங்கே பாண் அன்றாடச் சாப்பாடு. இங்கே அது நோயாளியைத் தாண்டி வரவில்லை.

பிறகு எப்படி வந்தது? 1898 வாக்கில் ஹாசன் பக்கத்து ஐயங்கார்கள் பெங்களூரில் பேக்கரி தொடங்கினார்கள். முட்டையை விலக்கினார்கள். அடுப்பு அதே அடுப்பு, மாவு அதே மைதா. பிசைகிற கை மாறியதும் தீட்டு காணாமல் போய்விட்டது. தேசிகர் வாழ்ந்த ஊர்க்காரனான எனக்கு இதில் கொஞ்சம் வேடிக்கையும் உண்டு. இன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் ஒரு 'பெங்களூர் ஐயங்கார் பேக்கரி' தென்படும். ஐயங்காரே இல்லாத ஒரு கடையில் விசாரித்தேன். "அந்தப் பேரு இருந்தாத்தான் சார் எல்லாரும் வாங்குறாங்க" என்றார் முதலாளி. சுத்தத்தின் சொல்லாடலை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

அரசாங்கமும் தன் பங்குக்கு ரொட்டியின் கையை மாற்றியது. 1965இல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. எந்திரத்தில் அறுத்து, தாளில் சுற்றிய ரொட்டி. யார் கை பட்டது என்று கேட்கவே வழியில்லாத ரொட்டி. 2000இல் அது இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது. ரொட்டி சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பாதுகாப்பும் 2015இல் நீங்கியது.

அப்பா வாங்கிய கடை இப்போது செல்போன் கடை. பாயின் மகனைக் கண்டுபிடித்துப் புளிப்பைப் பற்றிக் கேட்டேன். மாகாணம் முழுக்க 1948இல் மதுவிலக்கு வந்துவிட்டதே, கள்ளா என்றேன். சிரித்தார். "கள்ளெல்லாம் தாத்தா காலம். நேத்து மாவுல ஒரு உருண்டை எடுத்து வச்சிருப்போம். ராத்திரி அதைப் போட்டுப் பெசஞ்சா விடியக்காலம் புளிச்சிருக்கும். இப்ப ஒரு மணி நேரத்துல உப்பணும்னா ஈஸ்ட்டக் கொட்டணும், புளிப்பு எங்க வரும்? எட்டு மணி நேரம் மாவு காத்திருந்தா கூலி யார் குடுப்பா?"

பொறை மட்டும் டீக்கடை பாட்டிலில் இன்னும் கிடைக்கிறது. பெரும்பாலும் தெருநாய்க்குப் போடுவதற்குத்தான் வாங்குகிறார்கள்.